அப்பாவின் ஐம்பத்திரண்டு

மே 4, ஞாயிறு

யாருக்கும் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். இன்று யாகப்பர் கோயில் காலைப் பூசையில், சுவாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்க, மணிச்சத்தம் அடங்கி, முந்நூறு சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு முழந்தாளில் நின்ற அந்த ஒரே ஒரு கணத்தில், நான் ஏப்பத்தை அடக்கமுடியாமல் ஏவறை விட்டேன். சின்ன ஏவறை இல்லை. படகு எஞ்சின் முதல் இழுவையில் பற்றாமல் திணறுமே, அந்த மாதிரி.

அதையாவது மன்னிக்கலாம். அடுத்து நான் செய்ததுதான் மோசம். பக்கத்தில் நின்ற சுரேஸைத் திரும்பிப் பார்த்து, மிகுந்த கவலையோடு தலையை ஆட்டினேன். கோயிலுக்குள்ளேயுமா என்கிற மாதிரி. பின்னால் நின்றவர்கள் என் பார்வை போன வழியே போய் அவனை முறைத்தார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து அவன் மனைவி பார்த்த பார்வையில் அவனுடைய காது இரண்டும் சிவந்துவிட்டன. மூன்று படகுக்குச் சொந்தக்காரன், பாவம், பூசை முடியும்வரை நிமிரவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்ரெல்லா கேட்டாள்: "உது நீங்கள்தானே?"

"எது?"

"இருபத்தாறு வருசமா உந்தச் சத்தத்துக்குப் பக்கத்திலை நித்திரை கொள்ளுறன். கோயிலின்ரை அந்தப் பக்கத்திலை இருந்தால் எனக்குத் தெரியாதே?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பேன். இரண்டு மாதமாக நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு எரிவு. இங்கே மட்டும் உண்மையை எழுதலாம்: பயமாக இருக்கிறது. சேமக்காலையில் அப்பாவின் கல்லறைக் கல்லில் இப்படித்தான் வெட்டியிருக்கிறது — அ. அடைக்கலநாதன், 1998, வயது 52. வயிற்றில் வந்த புற்றுநோய். ஒகஸ்ட் இருபதாம் திகதி எனக்கு ஐம்பத்திரண்டு.

மே 9, வெள்ளி

கடற்றொழிலாளர் சங்கத்துக்கு வேலைக்குப் போகிற வழியில் மருந்துக்கடையில் எரிவுக்கு ஒமெப்ரசோல் மாத்திரை ஒரு அட்டை வாங்கினேன். "ஆருக்கு?" என்று பெடிச்சி கேட்டாள். "ஒரு கூட்டாளிக்கு" என்றேன். குருநகரில் எனக்கு இருக்கும் கூட்டாளிகள் அத்தனை பேருக்கும் மத்தியானத்துக்குள் வயிற்றுவலி என்று கதை பரவியிருக்கும்.

குளிசை வேலை செய்கிறது. அட்டை சட்டைப் பையில். ஸ்ரெல்லாவுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆசுப்பத்திரி என்பாள். ஆசுப்பத்திரி என்றால் வயிற்றுக்குள் குழாய். குழாய் என்றால் அப்பா.

மே 17, சனி

ஸ்ரெல்லா என் பெயரைக் கொடுத்துவிட்டாள். என்னைக் கேட்காமல்.

பங்கு மண்டபத்தில் மருத்துவ பீடத்திலிருந்து ஒரு கூட்டம். வந்திருந்தவர் டொக்டர் கஜந்தினி. முப்பத்தைந்து வயது இருக்கும். கதிரையில் இருக்காமல், மேசையில் சாய்ந்துகொண்டு கதைத்தார். வயிற்றுக்குள் பைலோரி என்று ஒரு கிருமி குடியிருக்குமாம். சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுமாம். கனபேருக்கு ஆயுள் முழுக்க ஒன்றும் செய்யாதாம். சிலருக்குப் புண். மிகச் சிலருக்குப் புற்று.

"ஒரே வீடு, ஒரே கிணறு, ஒரே சட்டி. ஒரு ஆளுக்குப் புண், மற்ற ஆளுக்கு ஒண்டுமில்லை. ஏன்? அதைத்தான் நாங்கள் தேடுறம்" என்றார். உள்ளே வரும் கிருமியை அடையாளம் கண்டு சத்தம் வைக்கிற காவல் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறதாம். அந்தக் காவலை எப்படிச் செய்யவேண்டும் என்று மரபணுவில் எழுதியிருக்குமாம். அந்த எழுத்தில் ஆளுக்கு ஆள் ஒன்றிரண்டு இடத்தில் சின்ன வித்தியாசம். அதனால் சிலருக்குக் கிருமி இலகுவாக ஒட்டிக்கொள்ளலாம். சிலருக்குக் காவல் அளவுக்கு மிஞ்சி ஆவேசப்பட்டு, வயிற்றுச் சுவரையே புண்ணாக்கலாம்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் இருபது வருடமாக நான் கிளாக்கர். இரண்டு வகைக் காவல்காரரையும் பார்த்தவன். ஒருவர் இருந்தார். கள்ளன் எஞ்சினைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு "போட்டு வாறன் அண்ணை" என்றால் "ஓம் தம்பி" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார். அவருக்குப் பிறகு வந்தவர், ஒரு எலியைக் கண்டு பொல்லை எடுத்து, யன்னல் கண்ணாடி, என் மேசை லாச்சி, கடைசியில் தன் சொந்தக் கால் பெருவிரல் எல்லாவற்றையும் உடைத்தார். எலி போய்விட்டது.

எழும்பி இதைச் சொன்னேன். மண்டபம் சிரித்தது. டொக்டரும் சிரித்தார். "நல்ல உதாரணம் அண்ணை. உங்கடை வயித்துக்கை எந்தக் காவல்காரன் எண்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ. ஆயிரம் பேரின்ரையை ஒண்டா வைச்சுப் பாத்தால்தான் ஏதும் விளங்கும். தனி ஆளுக்கு உதிலை சாத்திரம் சொல்லேலாது."

ஆனால் இந்த ஆய்வில் எல்லோரையும் சேர்க்கமாட்டார்களாம். தாயோ தகப்பனோ ஐம்பத்தைந்து வயதுக்கு முன் வயிற்று நோயில் இறந்த குடும்பங்கள் மட்டும். அந்தப் பிள்ளையும், அவர் கட்டியவரும். ஸ்ரெல்லா என் முழங்கையைப் பிடித்து உயர்த்தினாள். ஏலத்தில் மீன் எடுப்பது போல.

படிவத்தில் அப்பாவின் வயது ஐம்பத்திரண்டு என்று எழுதிவிட்டு, கீழே என் வயதை ஐம்பத்தொன்று என்று எழுதினேன்.

மே 24, சனி

வெறும் வயிற்றோடு மண்டபத்துக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். என் போத்தில் 117, ஸ்ரெல்லாவுடையது 118. பிறகு ஏதோ கரைசலைக் குடிக்கத் தந்து, அரை மணித்தியாலம் கழித்து ஒரு பைக்குள் ஊதச் சொன்னார்கள். கிருமி இருந்தால் மூச்சில் தெரியுமாம். ஸ்ரெல்லா மெழுகுதிரி அணைப்பது போல ஊதினாள். நான் ஊதிய வேகத்தில் பை வெடிக்காதது புதுமை.

ஊதமுதல் டொக்டர் கேட்டார்: "ரெண்டு கிழமைக்குள்ளை காஸ்ரிக் குளிசை ஏதும் போட்டனீங்களோ?"

ஸ்ரெல்லா பக்கத்தில் நின்றாள்.

"இல்லை" என்றேன். சட்டைப் பைக்குள் அட்டை சரசரத்தது. இருமினேன்.

யூன் 4, புதன்

முடிவு வந்தது. எனக்குக் கிருமி இல்லை!

ஸ்ரெல்லாவுக்கு இருக்கிறது!!

ஸ்ரெல்லாவுக்கு! பச்சைமிளகாயை நிலக்கடலை மாதிரிச் சப்பித் தின்கிறவளுக்கு. ஒடியல் கூழில் மூன்று கோப்பை குடித்துவிட்டு, மிச்சம் இருக்கிறதா என்று பானையை எட்டிப் பார்க்கிறவளுக்கு. பிள்ளைப்பேற்றைத் தவிர ஆசுப்பத்திரிக் கட்டிலையே காணாதவளுக்கு. மருத்துவ பீடம் அனுப்பிய குளிசைகள் பெரிய பை நிறைய, பதினான்கு நாளுக்கு.

"பாத்தீரே, எங்கடை இரத்தம் எப்பிடி எண்டு?" என்றேன்.

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, எனக்கு மருந்து. நீங்கள் நாள் முழுக்க வயித்தைத் தடவுறியள், உங்களுக்கு ஒண்டுமில்லை. உவங்கள் போத்திலை மாத்திப்போட்டாங்கள்" என்றாள்.

சிரித்தேன். கனகாலத்துக்குப் பிறகு வடிவாகச் சிரித்தேன். கிருமி இல்லை என்றால் புண் இல்லை. புண் இல்லை என்றால் அப்பா இல்லை. கணக்குச் சரிதானே? ஒமெப்ரசோல் வாங்குவதை விட்டுவிட்டேன்.

யூன் 11, புதன்

குளிசையால் ஸ்ரெல்லாவுக்கு வாய் முழுக்கக் கைப்பு. துருப்பிடித்த ஆணியைச் சூப்பியது போல இருக்கிறதாம். அந்த வாயோடு எனக்கு உப்புப் பார்த்துக் குழம்பு வைக்கிறாள். குழம்பில் உப்பு இரண்டு மடங்கு. வாய் திறக்காமல் சாப்பிட்டேன். எனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று, நெஞ்சுக்குழிக்குக் கீழேதான் எங்கேயோ இருக்கிறது போல. எரிகிறது.

யூன் 18, புதன்

எழுத வெட்கம். காலையில் கக்கூசில் — கறுப்பு. தார் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை கணவாய்க் கறி சாப்பிட்டேன்தானே. மையோடு வைத்தது. அதுதான். வேறு என்ன?

யூன் 20, வெள்ளி

கணவாய் சாப்பிட்டு ஐந்து நாள். இன்றும் கறுப்பு. மையில்லை. மை இவ்வளவு நாள் நிற்காது. படியேற மூச்சு வாங்குகிறது. அப்பாவுக்கும் இப்படித்தானே தொடங்கினது? கறுப்பாப் போகுது எண்டு அம்மாட்டைச் சொன்னவர், அம்மா கணவாய் எண்டு சொன்னவ. அதே சொல்லு. அதே கணவாய்.

ஸ்ரெல்லாட்டை என்னெண்டு சொல்லுறது? குளிசையைப் பற்றிச் சொல்லவேணும். பொய்யைப் பற்றிச் சொல்லவேணும். எங்கை இருந்து தொடங்குறது?

யூன் 21, சனி

எங்கள் ஆட்கள் செய்கிற மடத்தனத்தையே நானும் செய்தேன். டொக்டரிடம் பொய் சொன்னதற்குச் சுவாமியாரிடம் போனேன்.

பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிட்டு, செய்த பாவம் எல்லாவற்றையும் கொட்டினேன். சுரேஸின் தலையில் போட்ட ஏவறை, ஒமெப்ரசோல், "இல்லை" என்று சொன்னது, ஸ்ரெல்லாவின் கைத்த வாய், கறுப்பு. வலைக்கு அந்தப் பக்கம் சுவாமி நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன்.

"கறுப்பு எத்தினை நாளா?"

"நாலு நாள், சுவாமி."

"மூண்டு அருள்நிறைந்த மந்திரம் சொல்லும். இஞ்சை இருந்து சொல்லவேண்டாம். ஓட்டோவிலை சொல்லும். நேரை ஆசுப்பத்திரிக்குப் போம். எனக்குச் சொல்லி என்ன பிரயோசனம்? உந்தப் பொய்யளை ஆர் ஆருக்குச் சொன்னீரோ அவையளுக்குத் திருத்திச் சொல்லும்."

ஓட்டோவில் இரண்டுதான் சொன்னேன். மூன்றாவதில் ஸ்ரெல்லாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் ஏசவில்லை. "எந்த வாசலிலை நிக்கட்டும்?" என்று மட்டும் கேட்டாள். ஏசியிருந்தால் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

இதை எழுதுவது ஆசுப்பத்திரிக் கட்டிலில். கொப்பியைக் கொண்டுவந்து தந்தது ஸ்ரெல்லா. "வாசிக்கேல்லை" என்றாள். வாசித்திருக்கிறாள்.

யூன் 23, திங்கள்

குழாய் விட்டார்கள். தொண்டையை விறைக்க வைக்கிற மருந்தை அடித்து, சரிந்து படுக்கவைத்து, கறுத்தப் பாம்பை உள்ளே இறக்கினார்கள். கண்ணீர், வாயால் வழிந்த வீணி, சத்தம். கோயில் ஏவறை இதற்கு ஒத்திகை மாதிரி.

புண் ஒன்று இருக்கிறது. அதிலிருந்துதான் இரத்தம் கசிந்திருக்கிறது, இப்போது நின்றுவிட்டது. சதைத் துண்டு எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புற்றா இல்லையா என்பதற்கு இரண்டு, மூன்று கிழமை பொறுக்கவேண்டும்.

பின்னேரம் டொக்டர் கஜந்தினி கட்டிலடிக்கு வந்தார். குளிசையைப் பற்றிச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு, பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி.

"அந்தக் குளிசையைப் போட்டால் கிருமி பதுங்கிப்போடும் அண்ணை. ஊதினால் தெரியாது. அதுக்குத்தான் கேட்டனான்" என்றார். பிறகு, "நீங்கள் ஒராள் மட்டும் இல்லை. பத்துப் பேரிலை மூண்டு பேர் எனக்கு உந்தப் பொய் சொல்லுறவை. பெஞ்சாதி பக்கத்திலை நிண்டால் ஐஞ்சு பேர்."

ஆக, ஒரே கிருமி. ஸ்ரெல்லாவின் காவல்காரன் "ஓம் தம்பி" என்று திரும்பிப் படுத்தவன். என்னுடையவன் பொல்லோடு நின்றிருக்கிறான். இதைச் சொன்னபோது டொக்டர், "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கிருமியிலையும் வித்தியாசம் இருக்கு, சாப்பாட்டிலையும் இருக்கு" என்றார். ஒரு முடிவான சொல் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வராது.

யூலை 3, வியாழன்

வீட்டில். முடிவு வரவில்லை.

ஸ்ரெல்லா கஞ்சி வைத்துத் தருகிறாள். இப்போது உப்புச் சரி.

யூலை 8, செவ்வாய்

வரவில்லை. அலுமாரியைத் துப்பரவாக்கினேன். காணி உறுதி, காப்புறுதிப் பத்திரம், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பைக்குள் போட்டு ஸ்ரெல்லாவின் சேலைகளுக்குக் கீழே வைத்தேன். அவள் கண்டுவிட்டு, திரும்ப எடுத்து, எல்லாவற்றையும் பழைய மாதிரியே குழப்பி வைத்தாள்.

"உதுக்குள்ளை தேடவேண்டி வந்தால் நீங்களே தேடித் தாங்கோ" என்றாள்.

யூலை 11, வெள்ளி

புற்று இல்லை.

இன்னொருமுறை எழுதிப் பார்க்கிறேன். புற்று இல்லை. பைலோரி இருக்கிறது, புண் இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

ஆசுப்பத்திரி வாசலில் நின்று அழுதேன். ஸ்ரெல்லா ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். ஐம்பத்தொரு வயது மனிதன் றோட்டோரத்தில் அழுதுகொண்டு ஐஸ்கிறீம் சாப்பிடுவதைச் சங்கத்துக்காரர் மூன்று பேர் பார்த்தார்கள். நாளைக்கு எனக்குப் பைத்தியம் என்று கதை வரும். வரட்டும்.

யூலை 12, சனி

குளிசை தொடக்கம். பதினான்கு நாள். வாய் கைக்கிறது. துருப்பிடித்த ஆணியேதான்.

ஸ்ரெல்லா பார்த்துக்கொண்டு இருந்தாள். சிரித்தாள். அவ்வளவு வடிவாக அவள் சிரித்துக் கனகாலம்.

யூலை 25, வெள்ளி

யாகப்பர் திருநாள். கிருமிக்கான கடைசிக் குளிசையும் இன்றுதான்; புண்ணுக்கானது இன்னும் நாலு கிழமை. இந்த மருந்தோடு ஒரு சொட்டுச் சாராயமும் ஆகாது. குருநகரில் யாகப்பர் திருநாளன்று சோடா குடித்த ஆம்பிளை என்று என் பெயர் நிலைக்கும்.

யாகப்பரின் சுருவம் ஊர்வலமாகச் சுற்றி வந்த பிறகு சுரேஸைத் தனியே கூப்பிட்டேன். சுவாமி சொன்ன பரிகாரம் இன்னும் பாக்கி இருந்தது.

"டேய், மே மாதம் பூசையிலை ஒரு ஏவறை..."

"ஓம்."

"அது நான்."

"நான் எண்டெல்லோ நினைச்சனான்! நீ திரும்பிப் பாத்த பார்வையிலை நானே நம்பிப்போட்டன். மனுசி ரெண்டு மாசமா எனக்குப் பருப்புத் தரேல்லை, தெரியுமே உனக்கு?"

பிறகு என் சோடாப் போத்திலை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "உனக்குத் தண்டனைக்கு உந்தச் சோடாவே காணும்" என்றான்.

ஒகஸ்ட் 20, புதன்

ஐம்பத்திரண்டு.

எழும்பினேன். மூச்சு வருகிறது. எரிவு இல்லை. சங்கத்துக்குப் போய் வந்தேன். வேறு ஒன்றும் நடக்கவில்லை. இப்படி ஒன்றும் நடக்காத நாளை நான் கண்டதில்லை.

செப்டெம்பர் 9, செவ்வாய்

ஸ்ரெல்லாவும் நானும் திரும்ப ஊதினோம். "குளிசை ஏதும்?" என்று டொக்டர் வாயெடுக்கமுதல் சட்டைப் பை, காற்சட்டைப் பை எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். சங்கத்துக் கதவுத் திறப்பு, பஸ் ரிக்கற், ஒரு செபமாலை, பாதி இஞ்சி இனிப்பு. "போன மாதம் இருபத்திரண்டோடை புண்ணுக்கான குளிசையும் முடிஞ்சுது. ஸ்ரெல்லா சாட்சி" என்றேன்.

இந்த முறை முடிவு கையோடு வந்தது: கிருமி போய்விட்டது. என்னிடமிருந்தும், ஸ்ரெல்லாவிடமிருந்தும்.

ஒக்டோபர் 25, சனி

டொக்டர் கஜந்தினியிடமிருந்து தொலைபேசி. ஆய்வின் கோப்பு முடிக்கவேண்டுமாம். அப்பா பிறந்த திகதிக்கு ஏதாவது பத்திரம் வேண்டுமாம். இடம்பெயர்ந்தபோது எங்கள் பத்திரமெல்லாம் போய்விட்டது. மரணப் பதிவில் இருப்பது அம்மா சொன்ன வயது. பங்கு அலுவலகத்தில் ஞானஸ்நானப் புத்தகம் தப்பியிருக்கிறது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஒக்டோபர் 30, வியாழன்

புத்தகத்தில் அப்பாவின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலம் எடுத்தது. நான் 1946இல் தேடினேன். அங்கே இல்லை. அலுவலகத்துப் பிள்ளை சும்மா பின்னுக்குத் தட்டிக்கொண்டு போய், "ஐயா, இவரே?" என்றாள். அதே பெயர், அதே தகப்பன், அதே தாய். மாசி மாதம், 1938.

கனடாவில் இருக்கிற கிறிஸ்ரோபர் அண்ணைக்கு எடுத்தேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"உனக்குத் தெரியாதே? அம்மாவைக் கேட்டுப் போகேக்கை அப்பாவுக்கு முப்பது. அம்மாவின்ரை ஐயா இருபத்தைஞ்சுக்கு மேலை மாப்பிளை வேண்டாம் எண்டவர். தரகர் எட்டைக் கழிச்சு இருபத்திரண்டு எண்டிட்டார். பிறகு செத்தாலும் அம்மா விட்டுக்குடுப்பாவே?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீ கேக்கேல்லையே!"

எட்டு வருடம். நான் மே மாதத்திலிருந்து எண்ணி எண்ணிப் பயந்த ஐம்பத்திரண்டு, ஒரு கலியாணத் தரகர் வாயில் வந்த கணக்கு.

நவம்பர் 2, ஞாயிறு

இறந்தோர் திருநாள். பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்தவன், காலையிலேயே டொக்டர் கஜந்தினிக்கு எடுத்துச் சொன்னேன். அப்பா போனது ஐம்பத்திரண்டில் இல்லை. அறுபதில்.

அந்தப் பக்கம் கொஞ்சநேரம் கடதாசி புரளும் சத்தம்.

"அண்ணை, அப்பிடியெண்டால் நீங்கள் எங்கடை ஆய்வுக்கை வந்திருக்கவே ஏலாதே. ஐம்பத்தைஞ்சுக்கு முந்தி எண்டெல்லோ கேட்டனாங்கள்."

"வராமல் விட்டிருந்தால்?"

"ஊதியிருக்கமாட்டியள். நாங்களும் ஆரோ, நீங்களும் ஆரோ."

சேமக்காலைக்குப் போனோம். ஸ்ரெல்லா கல்லைக் கழுவினாள். நான் மெழுகுதிரி கொளுத்தினேன். 52 அப்படியே இருக்கிறது. கல்வெட்டுகிறவரைக் கூப்பிட்டுத் திருத்துவோமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். எனக்குக் குழாய் விடவைத்த பொய் அது.

வீட்டுக்கு வர, டொக்டரின் குறுஞ்செய்தி வந்து கிடந்தது. எங்கள் போத்தில் 117, 118 இரண்டையும் ஆய்விலிருந்து நீக்கியாயிற்று. இரத்தத்தில் மரபணு பார்க்கவில்லை. இனிப் பார்க்கவும் மாட்டார்கள்.

"அப்ப உங்கடை காவல்காரன் பொல்லோடை நிண்டவன் எண்டதை ஆர் பாத்தது?" என்று ஸ்ரெல்லா கேட்டாள்.

ஒருவரும் பார்க்கவில்லை.